ஒலி ஒன்று, பொருள் வேறு: கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில ஆங்கில வார்த்தைகள்



போன மாதம் பாகாயம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூலித்து, தீர்மானம் எழுதி, எல்லோரும் கிளம்பும் நேரம். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா மட்டும் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார்கள். "மேடம், ஆறு வருஷமா ஒரே கம்பெனிலதான் வேலை செய்றேன். கிராஜுட்டி கேட்டா உனக்கு வராதுன்றாங்க. ஏன்னு தெரியல" என்றார்கள்.

காகிதங்களை வாங்கிப் பார்த்தோம். கம்பெனிக் கணக்குப்படி அந்த அக்கா வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஒன்பது மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் நான்கு வருடம் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு, அவராகவே வேலையை விட்டுவிட்டதாக ஒரு கடிதம் இருக்கிறது. கீழே அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

"அக்கா, இது நீங்க போட்ட கையெழுத்துதானா?" என்று கேட்டோம்.

"நான் போட்டதுதான் மேடம். ஆபீஸ்ல கூப்ட்டு ரிசைன் பண்ணுன்னாங்க. முன்னாடி போட்ட சைன் சரியில்ல போல, அதான் ரீ-சைன், திரும்ப சைன் பண்ணச் சொல்றாங்கன்னு நெனச்சேன். குழுவுல கத்துக்கிட்ட கையெழுத்தாச்சே, நல்லா அழகா போட்டேன்" என்றார்கள்.

கேட்ட எங்களுக்கு மனசு கனத்துப் போனது. கைநாட்டு வைத்த கைகளைக் கையெழுத்துப் போட வைத்தது நம் குழுக்கள்தான். அதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. ஆனால் கையெழுத்துக்கு மேலே உள்ள வரிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போட்டால், கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் என்ன வித்தியாசம்? அதனால்தான் இந்த இதழில், காதுக்கு ஒரே மாதிரி கேட்டு நம்மை ஏமாற்றும் சில ஆங்கில வார்த்தைகளைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தோம்.

ஏன் இந்தக் குழப்பம்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இப்படிக் குழம்புவது நம் அறியாமை என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். நம் தமிழிலேயே அரை வேறு, அறை வேறு. பல்லி வேறு, பள்ளி வேறு. 'வலி' என்றால் உடம்பு வலி, 'வழி' என்றால் போகிற பாதை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் நமக்கு இதில் தடுமாற்றம் இல்லை. ஆங்கில வார்த்தைகள் அப்படி இல்லை. கம்பெனி, பேங்க், ஆஸ்பத்திரி என்று அவசரமான இடங்களில்தான் அவற்றைக் கேட்கிறோம்.

இன்னொரு காரணம் நம் எழுத்து. தமிழில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று ஒலிகள் உண்டு. அதனால் ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கும் வார்த்தைகள் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். அடுப்புக்கு வரும் கேஸ், போலீஸ் ஸ்டேஷனில் போடும் கேஸ் இரண்டையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் சீட்டும் பில், விழுங்கும் மாத்திரையும் பில். சில வார்த்தைகள் ஆங்கிலத்திலேயே ஒரே ஒலிதான். அதையே பேசி வளர்ந்தவர்களும் எழுத்தைப் பார்த்தோ, பேச்சின் இடத்தைப் பார்த்தோதான் புரிந்துகொள்கிறார்கள். எனவே "இது என்ன அர்த்தம்?" என்று கேட்பது ஒரு குறையே இல்லை.

கம்பெனியில் கேட்கும் வார்த்தைகள்

நம் உறுப்பினர்கள் பலர் தோல், ஷூ கம்பெனிகளை நம்பி இருக்கிறோம். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பக்கம் முழுக்க அதே தொழில். அங்கே தினமும் காதில் விழும் வார்த்தைகளிலிருந்தே தொடங்குவோம்.

'டை' என்ற ஒரு வார்த்தையைப் பாருங்கள். தோலுக்குச் சாயம் ஏற்றுவது டை. அதனால்தான் அந்தப் பிரிவுக்கு டையிங் செக்ஷன் என்று பெயர். மெஷினில் வைத்துத் தோலை வேண்டிய வடிவத்தில் வெட்டும் இரும்பு அச்சும் டைதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கழுத்தில் கட்டிப் போவதும் டை. செத்துப்போவதும் டை. தமிழில் நாலையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம்! "எங்கம்மா டையிங்ல இருக்காங்க" என்று ஒரு பிள்ளை இங்கிலீஷ் டீச்சரிடம் சொன்னால் டீச்சர் பதறித்தான் போவார்.

'லாஸ்ட்' என்றால் கடைசி என்று நமக்குத் தெரியும். ஷூ கம்பெனியில் லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் செய்த அச்சு. அதன்மேல் ஷூவின் மேல்தோலை இழுத்துப் பிடித்து உருவம் கொடுப்பதுதான் லாஸ்டிங். புதிதாகச் சேரும் பெண் இதைக் 'கடைசிப் பிரிவு' என்று நினைத்துக்கொள்வது சகஜம். அதேபோல 'ஹைட்' என்றால் உயரம் மட்டும் இல்லை. மாடு, எருமை போன்ற பெரிய பிராணிகளின் தோலுக்கு ஹைட் என்று பெயர். ஆடு, செம்மறி ஆட்டுத் தோலுக்கு ஸ்கின்.

இவையெல்லாம் தெரியாவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அடுத்து வருவது அப்படி இல்லை. நம் பணத்தையும் வேலையையும் தொடும் வார்த்தைகள்.

ரிசைன், ரீ-சைன்: ரிசைன் என்றால் வேலையை நாமே விட்டுவிடுவது, ராஜினாமா. ரீ-சைன் என்றால் மறுபடி கையெழுத்துப் போடுவது. நாம் கம்பெனியில் கேட்பது பெரும்பாலும் முதல் வார்த்தைதான். ஒரே இடத்தில் தொடர்ந்து 5 வருடம் வேலை செய்த நிரந்தரத் தொழிலாளி வேலையை விடும்போது கிராஜுட்டி கிடைக்கும். கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு உரிய பணம் வரும். அந்த அக்காவுக்கு அது 9,100 ரூபாய். அப்படியானால் ஒரு வருடத்துக்கு 5,250 ரூபாய். ஆறு வருடத்துக்கு 31,500 ரூபாய். நடுவில் ஒரு 'ரிசைன்' வந்ததால் காகிதத்தில் ஆறு வருடம் நான்கேகாலும் ஒன்றேமுக்காலுமாக உடைந்துவிட்டது. இரண்டுமே ஐந்தைத் தொடவில்லை.

பி.எப். பென்ஷனிலும் இதே ஆபத்து இருக்கிறது. மாதா மாதம் பென்ஷன் வாங்க மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும். வேலை மாறும்போது கணக்கைப் புது இடத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய வருடங்களும் சேரும். பென்ஷன் பணத்தையும் எடுத்துக் கணக்கை முடித்துவிட்டால் அந்த வருடங்கள் போனதுதான். கல்யாணச் செலவு, வீட்டுச் செலவு என்று அவசரத்துக்கு ரிசைன் பண்ணி பி.எப். எடுக்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

டே-ஆஃப், லே-ஆஃப்: டே-ஆஃப் என்றால் அன்றைக்கு லீவு. லே-ஆஃப் என்றால் ஆர்டர் இல்லை, சரக்கு இல்லை, மெஷின் பழுது போன்ற காரணத்தால் நம் பெயர் பதிவேட்டில் இருந்தும் கம்பெனி நமக்கு வேலை கொடுக்க முடியாமல் இருப்பது. சராசரியாக 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், ஒரு வருட சர்வீஸ் முடித்த நிரந்தரத் தொழிலாளிக்கு, லே-ஆஃப் நாட்களில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்க வேண்டும். 'லீவுதானே விட்டாங்க' என்று இருந்துவிட்டால் அந்தப் பாதியைக் கேட்கவே நமக்குத் தோன்றாது.

பேங்கிலும் கடன் காகிதத்திலும்

டெபாசிட், டெபிட்: இரண்டும் 'டெ' என்றுதான் தொடங்கும். அர்த்தமோ நேர் எதிர். டெபாசிட் என்றால் நம் கணக்கில் பணம் போடுவது. டெபிட் என்றால் கணக்கிலிருந்து பணம் கழிவது. செல்போனில் பேங்க் மெசேஜ் வரும்போது 'டெபிட்டட்' என்று இருந்தால் பணம் போய்விட்டது. 'கிரெடிட்டட்' என்று இருந்தால் பணம் வந்திருக்கிறது. நூறு நாள் வேலைச் சம்பளம், உரிமைத் தொகை வந்ததா என்று பார்க்கும்போது தொகையை மட்டும் பார்க்காமல் இந்த வார்த்தையையும் பாருங்கள். நாம் எடுக்காமலே டெபிட் என்று வந்தால் அன்றைக்கே பேங்குக்குப் போங்கள்.

பின்: சேலையில் குத்துவதும் பின்தான். தபாலில் எழுதும் பின்கோடு வேறு. 1972-ல் வந்த அந்த ஆறு இலக்க எண் ஊரைக் காட்டுவது. நம் பாகாயத்துக்கு 632002. அதை ஊருக்கே சொல்லலாம். ஏ.டி.எம். கார்டுக்கும், செல்போனில் பணம் அனுப்புவதற்கும் இருக்கும் பின் ரகசிய எண். அதைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லக்கூடாது. 'பின் சொல்லுங்கம்மா, விலாசம் சரிபார்க்கணும்' என்று யாராவது போனில் கேட்டால் எந்தப் பின் என்று யோசியுங்கள். இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும்: செல்போனில் நமக்கு வரும் பணத்தை வாங்க ரகசியப் பின் தேவையே இல்லை. பின் அடிக்கச் சொன்னால் நம் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஷ்யூர், ஷூரிட்டி, செக்யூரிட்டி: இந்த மூன்றும் பல குடும்பங்களைச் சண்டையில் விட்டிருக்கின்றன. ஷ்யூர் என்றால் நிச்சயம். செக்யூரிட்டி என்றால் கேட்டில் நிற்கும் காவலாளி. கடன் பேச்சில் அதே வார்த்தைக்குப் பொருள் ஈடு, அதாவது நகை, பத்திரம் போல நாம் கடனுக்குக் காட்டும் சொத்து. ஷூரிட்டி என்றால் ஜாமீன். "இவங்க எனக்குத் தெரிஞ்சவங்கதான், ஷ்யூர்" என்று சொல்லும் சாட்சிக் கையெழுத்து அது இல்லை. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்வது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார்களே என்று போடும் முன், "அவங்க கட்டலன்னா என்னால கட்ட முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். உறவும் தங்கும், பணமும் தங்கும்.

ஃபிளாட், ஃப்ளோட்டிங்: ஃப்ளோட்டிங் வட்டி என்றால் வட்டி விகிதம் இடையில் ஏறும், இறங்கும். வீட்டுக் கடன்களில் இதைப் பார்க்கலாம். ஃபிளாட் வட்டி என்றால் கடைசி மாதம் வரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுவது. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தால் அது குறையும் நிலுவை வட்டி. நம் உள்கடன் கணக்கிலேயே பார்ப்போம். 12,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதம் ஆயிரம் அசல் கட்டி 12 மாதத்தில் முடிக்கிறோம். நிலுவைக்கு மட்டும் வட்டி என்றால் முதல் மாதம் 120, அடுத்த மாதம் 110 என்று குறைந்து மொத்தம் 780 ரூபாய். அதே ஒரு ரூபாய் வட்டி ஃபிளாட் என்றால் மாதா மாதம் 120, மொத்தம் 1,440 ரூபாய். 'ஒரு ரூபா வட்டிதான்' என்ற ஒரே பேச்சு. கையைவிட்டுப் போவது 660 ரூபாய் அதிகம். அதனால் வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த மாதிரி வட்டி, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்றும் கேளுங்கள்.

இப்படிக் கேட்பது நம் உரிமை. வருட வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் சிறுகடன்களுக்காக ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. அதன்படி கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நமக்குப் புரியும் மொழி தமிழ். வீட்டு வாசலில் வந்து ஆங்கிலத் தாளை நீட்டினால், "தமிழ்ல குடுங்க சார், படிச்சிட்டுப் போடறேன்" என்று சொல்லலாம். தப்பே இல்லை.

ஆஸ்பத்திரியில்

நம் ஊரில் சி.எம்.சி. கல்லூரி வளாகமும் சமுதாய சுகாதார ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. அந்தப் பக்கம் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தூர தேசத்திலிருந்தெல்லாம் வேலூருக்கு வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாமோ சீட்டில் எழுதிய வார்த்தை புரியாமல் வேறு வரிசையில் நின்றுவிடுகிறோம். நியூராலஜி என்றால் மூளை, நரம்பு சம்பந்தப்பட்டது. யூராலஜி என்றால் சிறுநீர்ப் பாதை சம்பந்தப்பட்டது. ஒரு எழுத்து தவறினால் அரைநாள் போய்விடும். டயபடிஸ் என்றால் சர்க்கரை நோய். டயாலிசிஸ் என்றால் சிறுநீரகம் வேலை செய்யாதபோது மெஷின் போன்றவற்றின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. டாக்டர் முதலாவதைச் சொல்ல, இரண்டாவது என்று நினைத்து வீட்டில் அழுது புரண்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

டென்ஷன், ஹைப்பர்-டென்ஷன்: நாம் டென்ஷன் என்று சொல்வது மனக் கவலை, பதற்றம். ஹைப்பர்-டென்ஷன் என்றால் ரத்தக் கொதிப்பு, அதாவது பி.பி. அதிகமாக இருப்பது. "எனக்கு ஒரு டென்ஷனும் இல்ல, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மனசு நிம்மதியாக இருப்பவருக்கும் பி.பி. அதிகமாக இருக்கலாம். பெரும்பாலும் அது எந்த அறிகுறியும் காட்டாது. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

ஹைப்பர், ஹைப்போ: இந்த இரண்டுதான் மிக முக்கியம். ஹைப்பர் என்றால் அதிகம். ஹைப்போ என்றால் குறைவு. சர்க்கரை நோயாளிக்கு 'ஹைப்போ' ஆகிவிட்டது என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று பொருள். மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இப்படி ஆகும். திடீரென்று வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். நினைவோடு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். 'சுகர் பேஷண்டுக்குச் சர்க்கரை கொடுக்கலாமா?' என்று யோசித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

நம் குழுவில் என்ன செய்யலாம்?

எல்லா ஆங்கில வார்த்தைகளையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. அது தேவையும் இல்லை. ஆனால் சில பழக்கங்களை இந்த மாதமே தொடங்கலாம்.

ஒன்று, ஒவ்வொரு கூட்டத்திலும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் யாராவது கேட்டுப் புரியாத ஒரு வார்த்தையைச் சொல்லட்டும். ஊக்குநரோ, படிக்கிற பிள்ளையோ அர்த்தம் சொல்லட்டும். தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு வருடத்தில் ஐம்பது வார்த்தை சேர்ந்துவிடும்.

இரண்டு, எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் நான்கு கேள்வி கேளுங்கள். இது என்ன தாள்? இதைத் தமிழில் சொல்லுங்கள். போட்டால் எனக்கு என்ன ஆகும்? போடாவிட்டால் என்ன ஆகும்? பதில் புரியவில்லை என்றால் "வீட்ல காட்டிட்டு நாளைக்குப் போடறேன்" என்று சொல்லுங்கள்.

மூன்று, கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வாங்குங்கள். செல்போனில் போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு, தவறாகக் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால் மனசுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

அந்த அக்காவையும் நாங்கள் அங்கேதான் அழைத்துக்கொண்டு போனோம். ஆறு வருடமும் ஒரே கம்பெனியில் வேலை செய்ததற்கு இருக்கும் சம்பளச் சீட்டு, பி.எப். கணக்கு எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறோம். முடிவு என்ன ஆகும் என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் மனு எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொன்னபோது அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "மொதல்ல இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க மேடம். அப்புறம் போடறேன்" என்றார்கள்.

முழுவதையும் படித்துக் காட்டினோம். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, தேதி தவறு என்று திருத்தினார்கள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவின் முதல் வார்த்தை என்ன என்று எங்களுக்குச் சொல்லுங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் அவற்றுக்கும் அர்த்தம் எழுதுகிறோம்.